மாவு உட்காரும் நேரம்

(புதுச்சத்திரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைக்க வந்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். விடைபெறும்போது மட்டும் ஒருவர் தயங்கி நின்று, "நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி பேசுங்க சார். எல்லாம் தேஞ்சுக்கிட்டே போகுதுன்னு நெனைக்கிறாங்க" என்றார். முப்பது ஆண்டு அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். நம்பிக்கையை வார்த்தையில் காய்ச்சி ஊற்றும் வித்தை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பொருளை எடுத்து வைத்து, அதில் என்ன தெரிகிறது என்று உங்களோடு சேர்ந்து பார்க்க முடியும். அந்தப் பொருள் ஜவ்வரிசி.

எங்கள் அம்மா மின்னாம்பள்ளிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்குத் தோல் சீவப் போனவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். அரைத்துச் சலித்த கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டிருப்பார்கள். மேலாகப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தண்ணீர். ஒருநாள் ஒரு குச்சியை விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அடி விழும் என்று பயந்தேன். அவர் குச்சியை வாங்கி எறிந்துவிட்டு, "கலக்காத கண்ணு, மாவு உக்காந்துட்டு இருக்கு" என்றார். மறுநாள் காலையில் தண்ணீரை வடித்ததும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். தொட்டியின் அடியில் சுண்ணாம்புத் தளம் போட்டதுபோல மாவு இறுகிக் கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். தடம்கூட விழவில்லை.

இரவெல்லாம் அந்தத் தொட்டியில் எதுவும் நடந்ததாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நடந்திருக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

பஞ்ச காலத்தில் பிறந்த தொழில்

ஜவ்வரிசி தரும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நம் மண்ணில் பிறந்த பயிர் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் அந்நாளில் மலேயா, சிங்கப்பூர், ஜாவா பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942இல் அந்த நாடுகளெல்லாம் ஜப்பான் கைக்குப் போயின. கப்பல் நின்றது.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒரு மீன் வியாபாரி இருந்தார். வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய்வருவார். அங்கே, பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுப்பது எப்படி என்று ஷாவுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து 1943இல் சேலத்தில் கைவேலையாகவே தொடங்கினார்கள். கிழங்கை இடித்து, பாலை வடிகட்டி, மாவை உட்காரவிட்டு, ஈரமாவைத் துணியில் போட்டுக் குலுக்கி மணியாக்கி, வாணலியில் வறுத்தார்கள். பிறகு வெங்கடாசலம் கவுண்டர் வந்தார். இயந்திரத்தில் கைதேர்ந்தவர். அவர் அமைத்துக் கொடுத்த கருவிகளால், நாளுக்கு 100 கிலோ மூட்டை 2 என்று இருந்த உற்பத்தி 25 மூட்டையாக உயர்ந்தது.

மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒருவருக்குச் சந்தை தெரியும். இன்னொருவருக்குப் பொருளைச் செய்யும் முறை தெரியும். மூன்றாமவருக்கு இரும்பு பேசும் மொழி தெரியும். மூன்றில் எது குறைந்திருந்தாலும் இன்று நம் மில்களில் ஒரு மணி ஜவ்வரிசி உருண்டிருக்காது. நாலாவதாக ஒரு கூட்டமும் உண்டு. தூளி போலக் கட்டிய துணியில் மாவைக் குலுக்கியவர்கள், வாணலிச் சூட்டில் நின்று வறுத்தவர்கள், களத்தில் காய வைத்தவர்கள், தோல் சீவியவர்கள். எத்தனை ஈரம் இருந்தால் மணி உடையாது, எத்தனை சூடு பட்டால் ஒட்டாது என்பதைக் கையால் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1943 வங்காளப் பஞ்சத்தின் ஆண்டு. பர்மா அரிசி வரத்து நின்று நாடே தட்டுப்பாட்டில் தவித்தது. காலம் நன்றாக இருக்கும்போது பிறந்த தொழில் இல்லை இது. உலகமே இடிந்து விழுவதுபோல இருந்த நேரத்தில், வேறு வழி தெரியாமல், தெரிந்ததைச் செய்து பார்த்தவர்களால் பிறந்தது.

முதல் தடையும் அடுத்தடுத்த வேலையும்

தொடங்கிய மறு ஆண்டே அடி விழுந்தது. 1944இல் சேலம் ஆட்சியர், மரவள்ளி மக்களின் உணவு என்பதால் அதிலிருந்து மாவோ ஜவ்வரிசியோ செய்யக் கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது என்று ஆணையிட்டார். பஞ்ச காலத்தில் ஓர் ஆட்சியர் அப்படி நினைத்ததில் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தத் தொழிலை நம்பி இறங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. உற்பத்தியாளர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். உணவு வழங்கல் ஆணையரிடம் போய் முறையிட்டார்கள். தடை நீங்கியது.

கருவியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தக் கருவி ஓடுவதற்கான ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பது மறுபாதி. இந்த மறுபாதியைச் செய்தவர்களை நாம் கண்டுபிடிப்பாளர் என்று கூப்பிடுவதில்லை. மில்காரர்கள் கடனுக்கும் கிடங்குக்கும் விலைக்கும் வியாபாரிகளின் கையை எதிர்பார்த்து நின்ற நிலை மாற, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது, 1982இல் வேலையைத் தொடங்கியது. சரக்கைக் கிடங்கில் வைத்து அதன்மேல் முன்பணம் வாங்கலாம், ஏலத்தில் விற்கலாம் என்று ஆனதும் ஒரு புத்தாக்கம்தான். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1943க்கும் அதற்கும் இடையில் 80 ஆண்டு. மாவு உட்கார எடுத்துக்கொண்ட நேரம் அது.

மில் கழிவுநீரின் கதையையும் சொல்ல வேண்டும். என் சிறுவயதில் மில் இருக்கும் ஊரை மூக்காலேயே கண்டுபிடித்துவிடலாம். கழிவுநீர் ஓடையில் ஓடி, கிணற்றில் இறங்கி, ஊரோடு சண்டையில் முடியும். ஊர்க்காரர்களின் கோபமும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் நெருக்கிய பிறகு, அதே கழிவுநீரை மூடிய கலத்தில் நொதிக்க வைத்து எரிவாயு எடுத்து, அந்த வாயுவில் மில்லையே ஓட்டுகிற வழிக்குப் பலர் வந்தார்கள். சக்கையான திப்பியும் வீணாகவில்லை, மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாயிற்று. குறை சொன்னவர்களும் ஒரு வகையில் இந்தப் புத்தாக்கத்தின் பங்காளிகள். குறை சொல்லப் பயப்படும் ஊரில் புதிதாக எதுவும் முளைக்காது.

புத்தாக்கம் என்ற பெயரில் குறுக்கு வழியும் நுழையும். பால்வெள்ளை ஜவ்வரிசிக்கு வடக்கே நல்ல விலை என்றதும், வெளுப்புக்கு ரசாயனம் சேர்ப்பதும் மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதும் வந்தன. வாங்குபவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருக்கிற ஒரு தாய். நாள் முழுக்க அவள் வயிற்றுக்குள் போவது நம் ஊர் ஜவ்வரிசிக் கிச்சடி ஒன்றுதான். அவளை ஏமாற்றிச் சம்பாதிப்பதற்கு எந்தப் புதுப் பெயரும் வைக்க வேண்டாம். தொட்டியைக் கலக்குகிற குச்சி அது.

தேய்வைத் தேய்வென்றே சொல்வோம்

நம்பிக்கை தருகிறேன் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். சாலையோரம் பூட்டிக் கிடக்கிற மில்களை நீங்களும் பார்க்கிறீர்கள். ஜவ்வரிசி விலை சரிந்தால் கிழங்கு விலை அதைவிட வேகமாகச் சரிகிறது. லாரியில் கொண்டுபோன கிழங்கைப் மாவுச்சத்துப் பாயிண்ட் குறைவு என்று சொல்லித் தட்டிக் கழிக்கும்போது விவசாயியின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். தோல் சீவ இயந்திரம் வந்தது. அம்மாக்களின் விரல் தப்பித்தது, அதற்கு நான் மகிழ்கிறேன். ஆனால் வட்டமாக உட்கார்ந்து சீவிக்கொண்டே ஒருத்தி கஷ்டத்தை இன்னொருத்தி கேட்ட அந்தப் பேச்சும் கத்தியோடு சேர்ந்து போய்விட்டது.

இவற்றையெல்லாம்விட என்னை அச்சுறுத்துவது டீக்கடையில் கேட்கிற ஒரு வாக்கியம். "அவ்வளவுதாங்க, இனி ஒண்ணும் இல்ல." சொல்பவர் அனுபவத்தில் சொல்கிறார். பக்கத்தில் டம்ளரைப் பிடித்தபடி நிற்கிற பத்து வயதுப் பையன் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான். மில் மூடினால் திறக்கலாம். அந்தப் பையனின் மனம் மூடினால் எளிதில் திறக்க முடியாது.

இதெல்லாம் போதாதென்று செடிக்கே நோய் வந்தது. தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாய்த் திட்டுத் திட்டாகிச் சுருண்டு, கிழங்கு சிறுத்துவிடும். வெள்ளை ஈ பரப்பும், நோய்ப்பட்ட விதைக்குச்சியும் பரப்பும். அதைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே 2020இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. சீக்கிரமே நம் பக்கமும் வந்தது. குருத்து குட்டையாகிக் கொத்தாகச் சுருண்டு, பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை பிடித்துக் காடே நின்றுபோனது. அப்போது நிறையப் பேர் இந்தப் பயிரையே விட்டார்கள்.

பராகுவேயிலிருந்து ஏத்தாப்பூர்

இந்த மாவுப்பூச்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் அது ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் புகுந்தது. கோடிக்கணக்கான மக்களுக்கு அங்கே மரவள்ளிதான் சோறு. தின்கிற சோற்றைப் பூச்சி தின்றது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானி நைஜீரியாவின் இபாடான் நகரில் இருந்த பன்னாட்டு வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய யோசனை எளிமையானது. செடி தென் அமெரிக்காவில் பிறந்தது. பூச்சியும் அங்கேதான் பிறந்திருக்கும். அங்கே அது காட்டை அழிக்காமல் அடங்கிக் கிடக்கிறதென்றால் அதைத் தின்னும் ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

யோசனை எளிது, தேடல் எளிதாக இல்லை. நாடு நாடாக, காடு காடாகத் தேடினார்கள். ஒத்த சாயலுள்ள வேறு பூச்சியைப் பிடித்துக்கொண்டு ஏமாந்தார்கள். 1981இல் பராகுவேயில் டோனி பெலோட்டி என்ற ஆய்வாளர் சரியான மாவுப்பூச்சியைக் கண்டார். அதோடு அதன் எதிரியும் கிடைத்தது. எள்ளளவே இருக்கும் ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளே வளர்ந்து, பூச்சியைத் தின்று, குளவியாக வெளியே வரும். ஆப்பிரிக்கா முழுக்க அதை வளர்த்துப் பரப்பினார்கள். ஒரு கண்டத்தின் சோறு தப்பியது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2008இல் அதே பூச்சி தாய்லாந்தில் புகுந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி தாய்லாந்துக்குப் போனது. நமக்கு ஆபத்து வந்தபோதும் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதே பெனினிலிருந்து குளவியை வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்து வயலில் முதன்முதலாகத் திறந்துவிட்டார்கள்.

பராகுவே காட்டில் வியர்த்துக்கொண்டு இலையைப் புரட்டியவர்களுக்கு ஏத்தாப்பூர் என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்குமா? புதுச்சத்திரம் என்ற நம் ஊர்ப் பெயரை நினைத்துக்கொள்கிறேன். சத்திரம் கட்டுபவன் தனக்காகக் கட்டுவதில்லை. யார் வந்து படுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டு கழித்து வந்து தங்கிய வழிப்போக்கர்கள் நாம். இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவரும் அந்த வகை மனிதர்தான்.

மகிழ்ச்சி இருக்கும் இடம்

திருக்குறளில் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். அடுத்த 63, இடுக்கண் அழியாமை. விடாமல் உழைப்பதைச் சொன்ன கையோடு, துன்பத்தின் முன்னே மனம் குலையாமல் நிற்பதைச் சொல்கிற அதிகாரம் வருகிறது. பள்ளியில் எத்தனையோ முறை இரண்டையும் ஒப்பித்திருக்கிறேன். ஏன் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பது ஒரு மரவள்ளிக் காட்டில்தான் எனக்கு விளங்கியது.

புதன்சந்தைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி. மாவுப்பூச்சியில் ஒரு போகம் முழுசாகப் போனவர். குளவி விட்ட அடுத்த பருவத்தில் என்னைக் காட்டுக்குக் கூப்பிட்டார். பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேரும் கூடவே வந்தார்கள். ஒரு குருத்தை வளைத்து இலையின் அடியைக் காட்டி, "இதப் பாருங்க சார்" என்றார். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே பழுப்பாய், கடினமாய், அரிசி நொய்யைவிடச் சிறிதாய்ச் சில கூடுகள். மாவுப்பூச்சியின் செத்த உடல்கள். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல ஒரு வட்ட ஓட்டை. குளவி பிறந்து வெளியேறிய வாசல். ஒரு சிறுமி கண்ணை இலையோடு ஒட்டி வைத்து எண்ணத் தொடங்கினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. எண்ணிக்கை ஏற ஏற அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கிழங்கு விலை அன்றும் ஏறவில்லை. கடன் அன்றும் அடையவில்லை. ஆனாலும் அது மகிழ்ச்சிதான், சந்தேகமே இல்லை. ஒரு வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு, அது அசைகிற கணத்தைக் கண்ணால் பார்ப்பவனின் மகிழ்ச்சி. ஊர் செழித்த பிறகு வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை.

பிறகு விதைக்குச்சி வைத்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். காடு பச்சையாக இருக்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அந்தச் செடிகளில் மட்டும் குச்சி எடுத்திருந்தார். நோய் கண்ட செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தியிருந்தார். மூன்று வருடமாக இதே வேலை. கட்டுக் கட்டாக நிழலில் நிறுத்தியிருந்ததில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கியிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். பக்கத்துக் காட்டுக்காரருக்கு என்றார். அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரோடு இவருக்கு வரப்புத் தகராறு என்பது எனக்குத் தெரியும். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "வெள்ளை ஈக்கு வரப்பு தெரியுமாங்க சார்? அவர் காட்டுல தேமல் இருந்தா என் காடு எப்படித் தப்பும்? குளவியும் அப்படித்தானே, இங்க பொறந்தது அங்கயும் போகுது."

அவர் தத்துவம் பேசவில்லை, பயிர்க்கணக்கைப் பேசினார். தேய்கிற காலத்தில் அவரவர் தப்பித்தால் போதும் என்று மனம் சொல்லும். காடு வேறு மாதிரிச் சொல்கிறது. தனியாக ஒரு காடு மட்டும் நலமாக இருக்க முடியாது. 1944இல் சங்கம் கூடியவர்களுக்குத் தெரிந்த உண்மைதான் இது.

மாணவர்களே, உங்களை ஊரிலேயே இருங்கள் என்று நான் கட்டிப்போட மாட்டேன். போக வேண்டியவர்கள் போங்கள், நன்றாக இருங்கள். போவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது மில்லில் வேலை பார்த்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். பெயரோடு எழுதுங்கள். இன்னொன்று, ஒரு காட்டுக்குள் போய் ஓர் இலையைப் புரட்டிப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இருக்கிற கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் தேமலைத் தாங்கும் ரகங்களைத் தேடுகிறவர்களும் இப்படி ஓர் இலையில் தொடங்கியவர்கள்தான். அந்த வேலை முடியவில்லை. முடியப்போவதும் இல்லை. உங்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டீக்கடையில் "இனி ஒண்ணும் இல்ல" என்று வாயில் வரும்போது பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்குள் எதுவோ உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கலக்காதீர்கள்.

அன்று அந்த விவசாயி ஒதுக்கி வைத்திருந்த குச்சிக் கட்டை நானே தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போனேன். கொடுத்தவர் வரவில்லை, கூச்சம். வாங்கியவர் ஒரு குச்சியை உருவி, கணுவைத் தடவி, ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்த்தார். நல்ல குச்சி என்றார். கொஞ்ச நேரம் வரப்புக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "தண்ணி விடற அன்னைக்கு அவரையும் வரச் சொல்லுங்க" என்றார்.